சாண்டர் வாங்கப் போறீங்களா? வாட்டைக் கேட்காதீங்க

"எந்த ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர் நல்லது?" என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். ஒரே அச்சில் வார்த்த மாதிரி அட்டவணைகள் வந்து விழும். முதல் கட்டத்தில் வாட், அடுத்ததில் ஆர்.பி.எம்., அதற்கடுத்து விலை, கடைசியில் நட்சத்திரம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், மார்க் ஷீட் மாதிரி. ஆனால் இந்த அட்டவணைகளில் முக்கால்வாசி உதவாது. உதவாமல் போனால்கூடப் பரவாயில்லை, கெடுதலும் செய்கின்றன.

காரணம் ரொம்ப எளிது. மிஷினை வாங்குகிறவர் ஒருவர், கையில் பிடிக்கிறவர் இன்னொருவர். மரப்பட்டறையில் சாண்டிங் என்பது மேஸ்திரி செய்யும் வேலை இல்லை. அளவெடுப்பது, அறுப்பது, பொருத்துவது எல்லாம் அனுபவசாலிகள் கையில். நேற்றுச் சேர்ந்த பையனிடம் "இந்தா, இதைத் தேய்" என்று நீட்டப்படுவது சாண்டர்தான். அட்டவணைகள் முதல் ஆளுக்காக எழுதப்படுகின்றன. இரண்டாவது ஆளின் மூக்குக்கும் விரல்களுக்கும் அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

சிங்கப்பெருமாள் கோவிலை எடுத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலை நகருக்கு அடுத்த ஊர். இங்கிருந்து திரும்பினால் ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குச் சாலை போகிறது. ரெனோவும் நிஸ்ஸானும் கூட்டாக 2010-இல் ஒரகடத்தில் ஆலை திறந்தன. பாரத்பென்ஸ் லாரி ஆலை 2012-இல் வந்தது, அடுத்த வருடம் ராயல் என்ஃபீல்டு. இப்படிப்பட்ட ஆலைகளைச் சுற்றி வீடுகள் கட்டப்படுகின்றன. வீடு என்றால் கதவு, ஜன்னல், கட்டில், மாடுலர் கிச்சன். அதற்குப் பட்டறைகள் வேண்டும். தகரக் கூரை, மூன்று பக்கம் திறப்பு, நான்கு பேர், ஒரு டேபிள் சா.

வாகன ஆலையின் பெயிண்ட் ஷாப்பிலும் சாண்டர் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. வார்னிஷ் போன்ற மேல்பூச்சில் ஒரு தூசிப் புள்ளி விழுந்தால் அந்த இடத்தை மட்டும் உள்ளங்கையை விடச் சின்ன சாண்டரால் தேய்த்துப் பாலிஷ் போடுவார்கள். இயங்கும் தத்துவம் பட்டறையில் இருப்பதேதான். வித்தியாசம் சுற்றுப்புறத்தில். பெயிண்ட் பூத்தில் காற்று மேலிருந்து வடிகட்டப்பட்டு வருகிறது, கீழே உறிஞ்சப்படுகிறது. தூசியை அங்கே எதிரியாகப் பார்க்கிறார்கள், காருக்கு எதிரி என்பதால். அதே சாலையில் சில கிலோமீட்டர் தள்ளித் தேக்குக் கதவைத் தேய்க்கிற பையனுக்குத் தூசி எதிரி இல்லையா? அவனுக்குக் கிடைப்பது மூக்கைச் சுற்றிக் கட்டிய கைக்குட்டை. அதுவும் பாதி நேரம் கழுத்தில்.

சரி, மிஷினுக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ளாமல் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

பழைய பட்டறைகளில் இன்னும் இருப்பது ஷீட் சாண்டர். உப்புத்தாளைக் கால் பாகமாகக் கிழித்து கிளிப்பில் மாட்டுவது. அதன் அடித்தட்டு சுழலாது, இருந்த இடத்திலேயே சின்ன வட்டமாக ஆடும். தாளில் இருக்கும் ஒரு பெரிய மணல்துகள் ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கும். பாலிஷ் அடித்ததும் அந்த வட்டங்கள் எல்லாம் பளிச்சென்று தெரியும். ரேண்டம் ஆர்பிட்டலில் வட்டத் தட்டு. மோட்டார் அதை ஆட்டுகிறது. தட்டு ஒரு பேரிங்கில் சும்மா உட்கார்ந்திருப்பதால் தன்னிஷ்டத்துக்குச் சுழலவும் செய்கிறது. அங்கப்பிரதட்சிணம் செய்கிறவர் தானும் உருண்டு கோவிலையும் சுற்றி வருகிறாரே, அதே கதை. (சிங்கப்பெருமாள் கோவிலில் நரசிம்மர் சன்னதி பாறையைக் குடைந்தது. அவரைச் சுற்ற வேண்டுமானால் குன்றையே சுற்ற வேண்டும்.) இரண்டு அசைவும் கலப்பதால் ஒரே துகள் ஒரே தடத்தில் திரும்ப வருவது அபூர்வம். கீறல் கண்ணுக்குத் தெரியாது. மர ரேகையின் குறுக்கே தேய்த்தாலும் பெரிய பாதகமில்லை.

இப்போது அந்த வாட் கணக்கு. இந்தியக் கடைகளில் 125 மி.மீ. சாண்டர் என்று கேட்டால் பெரும்பாலும் முன்னால் வைக்கப்படுபவை மூன்று. பாஷ் ஜி.இ.எக்ஸ். 125-1 ஏ.இ., 250 வாட். டிவால்ட் டி.டபிள்யூ.இ. 6423, 280 வாட். மகிட்டா பி.ஓ. 5031, 300 வாட். "மகிட்டாதான் பவர் ஜாஸ்தி" என்று தீர்ப்பு எழுதி முடித்துவிடுவார்கள். முதலாவதாக, இது மின்சாரத்திலிருந்து மிஷின் இழுக்கிற அளவு, தாளுக்குப் போய்ச் சேருகிற அளவு இல்லை. இரண்டாவது, ரேண்டம் ஆர்பிட்டலை அழுத்தியே பிடிக்கக் கூடாது. அழுத்தினால் தட்டின் சுழற்சி நின்று போய் வெறும் ஷீட் சாண்டர் மாதிரி ஆடத் தொடங்கும். மிஷினின் எடையும் கையின் எடையும் போதும். அழுத்தவே கூடாத மிஷினில் கூடுதலாக ஐம்பது வாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வதாம்?

ஆர்.பி.எம். கூத்து இன்னும் வேடிக்கை. ஒரு பெட்டியில் 12,000 என்று போட்டிருக்கும், இன்னொன்றில் 24,000. இரண்டும் ஒன்றுதான் ஐயா! ஒரு சுற்றில் தட்டு ஒரு முறை போய் ஒரு முறை வருகிறது, அதை இரண்டு அசைவாக எண்ணினால் 24,000. இது தெரியாமல் "டபுள் ஸ்பீடு" என்று விமர்சனம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அதே மாதிரி ஆடும் வட்டத்தின் அளவு: ஒரு கம்பெனி 2.5 மி.மீ. என்று விட்டத்தைச் சொல்லும், இன்னொரு இடத்தில் அதே மிஷினுக்கு 1.25 என்று ஆரத்தைச் சொல்வார்கள். உண்மையில் வேலையைத் தீர்மானிப்பது இந்த எண்தான். 2.5 பக்கம் இருந்தால் ஃபினிஷிங்குக்கு. 5 மி.மீ. என்றால் வேகமாகச் சுரண்டும், மேற்பரப்பு கொஞ்சம் முரடாக இருக்கும். மேலே சொன்ன மூன்றும் இரண்டரையிலிருந்து 2.8-க்குள். அதாவது மூன்றும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்யும் மிஷின்கள். நட்சத்திர வித்தியாசமெல்லாம் ஸ்டிக்கரின் நிறத்துக்குத்தான் என்று சொன்னால் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள் :-)

பட்டறையின் உண்மையான போட்டி இந்த மூன்றுக்குள் இல்லை. நாலு இன்ச் கிரைண்டருக்கும் சாண்டருக்கும்தான் போட்டி. ஒவ்வொரு பட்டறையிலும் கிரைண்டர் ஏற்கெனவே இருக்கிறது. அதில் ஃபிளாப் டிஸ்க்கை மாட்டி மரத்தில் வைத்தால் சரசரவென்று இறங்கும். "இதுக்குப் போய் இன்னொரு மிஷினா?" என்ற கேள்வி நியாயமானதாகக்கூடத் தோன்றும்.

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். 100 மி.மீ. டிஸ்க், நிமிடத்துக்கு 11,000 சுற்று. விளிம்பின் வேகம் நொடிக்குக் கிட்டத்தட்ட 57 மீட்டர், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். மரத்தூள் அந்த வேகத்தில் கிளம்புகிறது. எந்தப் பையாலும் எந்தக் குழாயாலும் அதைப் பிடித்து நிறுத்துவது கஷ்டம்; எதிர்ச் சுவர் வரை போகும். ரேண்டம் ஆர்பிட்டலில் 2.5 மி.மீ. வட்டத்தில் 12,000 சுற்று என்றால் நொடிக்கு ஒன்றரை மீட்டர்தான். தட்டின் மெதுவான சுழற்சியைச் சேர்த்தாலும் சில மீட்டர். தூள் தட்டுக்கு அடியிலேயே கிடக்கும், அங்கிருக்கும் துளைகள் வழியாக உறிஞ்சிவிடலாம். சாண்டரின் மிகப் பெரிய பெருமை பளபளப்பு இல்லை, தூசியைப் பிடிக்க முடிகிற மிஷின் என்பதுதான். அந்த ஒரே பெருமைக்கு அட்டவணையில் இடமில்லை!

தூசி அப்படி என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு ஒரு ஊரின் கதை. இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊர் நாற்காலிக்குப் பேர் போனது. அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மி ஹாட்ஃபீல்ட், மூக்கின் உட்புறத்தில் வருகிற ஓர் அபூர்வப் புற்றுநோய் மரச்சாமான் தொழிலாளிகளிடம் மட்டும் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். அவரும் அச்சிசன் முதலானவர்களும் சேர்ந்து எழுதிய ஆய்வு 1968-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. பிறகு வேறு நாடுகளிலும் இதையே கண்டார்கள். 1995-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை முதல் பிரிவில் சேர்த்தது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் சந்தேகமே இல்லாதவற்றின் பட்டியல் அது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் அங்கேதான் இருக்கின்றன. எம்.டி.எஃப். பலகையின் பசையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடை அதே பிரிவில் வைக்க 2004-இல் முடிவெடுத்தார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் பட்டறையை மூட வேண்டாம். மூக்குப் புற்று அபூர்வமான நோய், வருவதற்கும் பல பத்தாண்டுகள் ஆகும். அந்தத் தாமதம்தான் இதில் வில்லங்கம். இருபது வயதில் தேய்த்தவனுக்கு ஐம்பது வயதில் வந்தால் எந்தக் கதவு, எந்த முதலாளி என்று யார் கணக்குப் பார்ப்பது? ஆனால் ஆஸ்துமா, ஓயாத தும்மல், தோல் அரிப்பு இவற்றுக்கு அவ்வளவு நாள் வேண்டியதில்லை. தேக்குத் தூள் பட்டுத் தோல் தடிப்பது தச்சர்களுக்குத் தெரிந்த விஷயம். "தேக்கு ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டு அதையே அறுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஐரோப்பாவில் வன்மரத் தூளுக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம் என்பது 2023 முதல் வரம்பு. பிரிட்டனில் 3. இங்கே? பெரிய ஆலைகளுக்குச் சட்டம் உண்டு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் தூசியை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும் என்று தனிப் பிரிவே இருந்தது. ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. அதன் இடத்துக்கு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பில் அந்த எண் 20. நான்கு பேர் பட்டறை அதிலும் வராது, இதிலும் வராது. சட்டம் வராத இடத்தில் மிஷின் தேர்வுதான் சட்டம். அதனால்தான் இந்த அட்டவணைகள் மீது இவ்வளவு கோபம்.

"திறந்த வெளிதானே, காத்து அடிச்சிட்டுப் போயிடும்" என்பது வழக்கமான பதில். தேய்க்கிறவன் முகம் மரத்திலிருந்து ஒரு முழம் தூரத்தில் இருக்கிறது. காற்று தூசியை எடுத்துப் போவதற்கு முன் அவன் மூச்சு எடுத்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரிகிற தூள் கீழே விழுந்துவிடும். 220 நம்பர் தாள் போட்டுத் தேய்க்கும்போது கிளம்புகிற நைஸ் தூள்தான் நுரையீரல் வரை போகிறது, அது மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். வேலை முடிந்து அதே கொட்டகையில் பாய் விரித்துப் படுக்கிற வெளியூர்ப் பையன்களும் உண்டு.

"மாஸ்க் போட்டா மூச்சு முட்டுது." இது உண்மை. மே மாதம், தகரக் கூரை, என்95 மாஸ்க். ஒரு மணி நேரம் போட்டுப் பார்த்தால் தெரியும். அதனால்தான் மாஸ்க்கை முதல் தீர்வாகச் சொல்வதே அயோக்கியத்தனம். தூசியை மிஷினிலேயே பிடித்த பிறகு மிச்சம் இருப்பதற்குத்தான் மாஸ்க். வரிசையை மாற்றி, பொறுப்பைப் பையன் மூக்கில் தொங்கவிடுவது முதலாளிகளுக்கு வசதி.

அப்படியானால் எதை ஒப்பிடுவது? முதலில் தூசி வெளியேறும் வாயை. சாண்டரோடு வருகிற குட்டிப் பை அலங்காரத்துக்குத்தான். பெரிய தூள் கொஞ்சம் நிற்கும், நைஸ் தூள் துணி வழியாகவே வெளியேறும். பையைக் கழற்றிவிட்டு வேக்குவம் குழாயை மாட்ட முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். பெரும்பாலும் அளவு பொருந்தாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு விட்டம். அடாப்டர் கிடைக்கவில்லை என்றால் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி இன்சுலேஷன் டேப் போட்டால் வேலை நடக்கும். அழகாக இருக்காது, உறிஞ்சும்.

வீட்டு வேக்குவம் கிளீனர் போதுமா? வடிகட்டி நன்றாக இல்லாவிட்டால் முன்னால் உறிஞ்சி பின்னால் ஊதும், அவ்வளவுதான். ஐரோப்பிய முறையில் எல், எம், எச் என்று மூன்று வகுப்பு வைத்திருக்கிறார்கள். எல் வகுப்பில் நூற்றுக்கு ஒரு பங்கு தூசி தப்பிக்கலாம். எம் வகுப்பில் ஆயிரத்துக்கு ஒரு பங்குதான், மரத்தூளுக்குச் சொல்வது இதைத்தான். எம் வகுப்பு மிஷினின் விலை நம்ம ஊர்ப் பட்டறைக்குக் கட்டாது. நல்ல வடிகட்டி போட்ட சாதாரண வெட் அண்ட் ட்ரை வேக்குவமும், அதற்கு முன்னால் இருபது லிட்டர் பெயிண்ட் வாளியில் செய்த சைக்ளோனும் வைத்தால்கூட இப்போது இருப்பதற்கு எவ்வளவோ மேல். பெரிய தூள் வாளியில் விழுந்துவிடுவதால் வடிகட்டி அடைக்காது.

அடுத்து துளை. 125 மி.மீ. தட்டில் பெரும்பாலும் எட்டுத் துளை. கடையில் கொடுக்கும் தாள் சிலசமயம் துளையே இல்லாதது, சிலசமயம் வேறு கணக்கு. வாங்குகிறவர் வெல்க்ரோ ஒட்டுகிறதா என்று மட்டும் பார்ப்பார். துளையில்லாத தாளை ஒட்டிய நிமிடமே பல ஆயிரம் ரூபாய் சாண்டர் உறிஞ்ச வழியில்லாத சாண்டர் ஆகிவிடும். தூள் தாளுக்கும் மரத்துக்கும் நடுவில் சிக்கி, பன்றிவால் மாதிரி சுருள் கீறல் போடும், தாளும் சீக்கிரம் அடைத்துப்போகும். இதற்கு ஊரைக் குறை சொல்ல முடியாது: உப்புத்தாள் விஷயத்தில் இந்தப் பகுதி ஒன்றும் பின்தங்கியதில்லை. முருகப்பா குழுமம் 1954-இல் அமெரிக்க, பிரிட்டிஷ் கம்பெனிகளோடு சேர்ந்து தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சலுக்கு ஸ்ரீபெரும்புதூரிலும் மறைமலை நகரிலும் ஆலைகள் உண்டு. கேட்டால் கிடைக்கும். கேட்பதில்லை.

அப்புறம் அதிர்வு. மேனுவலின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு எண் இருக்கும், மீட்டர் பர் செகண்ட் ஸ்கொயர் என்று. 2002-ஆம் ஆண்டு ஐரோப்பிய விதிப்படி எட்டு மணி நேர வேலைக்குச் சராசரியாக 2.5-ஐத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது. ஒரு நாள் முழுக்கத் தேய்த்தவன் ராத்திரி சோற்றைப் பிசையும்போது விரல் மரத்திருக்கிறது என்று சொன்னால் அது இந்த எண்தான். மலிவு மிஷின்களில் இது அச்சாகியிருப்பதே அபூர்வம்.

மிச்சம் இருக்கும் குணங்களைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் அவசியம், பாலிஷ் கோட்டுக்கு நடுவில் முழு வேகத்தில் தேய்த்தால் சீலர் சூடாகித் தாளில் உருண்டை உருண்டையாக ஒட்டும். தட்டுக்கு பிரேக் இருப்பது நல்லது. இல்லையென்றால் மரத்தில் வைத்த பிறகு ஸ்விட்ச் போடுங்கள், சுற்றவிட்டு வைத்தால் ஒரு பிறை வடிவக் குழி நிச்சயம். சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இருக்கட்டும்.

சாண்டரால் முடியாததும் நிறைய. வட்டத் தட்டு உள் மூலைக்குப் போகாது. பூவேலை செய்த தலைவாசல் கதவில் அதற்கு வேலையே இல்லை, அங்கே கையும் உப்புத்தாளும்தான். ஒழுங்காக இழைத்த பலகைக்கு 80-லிருந்து ஆரம்பிக்கவே தேவையில்லை, 120-லிருந்து போதும். இழைப்புளி எடுப்பது சுருள், அது நுரையீரலுக்குள் போகாது. இழைப்பதைச் சோம்பேறித்தனத்தால் விட்டுவிட்டு எல்லாவற்றையும் சாண்டர் தலையில் கட்டுவதாலும் தூசி கூடுகிறது. ஆலைகள் கழிக்கிற பைன் மர பேலட்டில் டீப்பாய் செய்கிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அதில் முத்திரை இருக்கும். ஆங்கிலத்தில் எச்.டி. என்றால் சூடுபடுத்திப் பூச்சி கொன்றது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற விஷவாயு அடித்தது. இரண்டாவதைத் தேய்க்காமல் தள்ளி வைப்பதே மேல்.

செலவு யார் தலையில் என்ற கேள்வி நியாயமானது. கார்பெண்டருக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி. வேக்குவம் வாங்கினால் அவருக்கு ஒரு ரூபாயும் கூட வராது, குழாயை இழுத்துக்கொண்டு அலைவதில் நேரம் வேறு போகும். ஆகவே "விழிப்புணர்வு" என்று அவருக்குப் பாடம் எடுப்பது வீண். காசு வைத்திருப்பவர் வீடு கட்டுகிறவர். அவர் பர்மா தேக்கா நாட்டுத் தேக்கா என்று கேட்கிறார். மெலமைனா பி.யூ.வா என்று கேட்கிறார். கீல் எந்தக் கம்பெனி என்று செல்போனில் படம் காட்டி அடம் பிடிக்கிறார். கொட்டேஷனில் இதற்கெல்லாம் ஒரு வரி உண்டு. தூசி உறிஞ்சித் தேய்ப்பதற்கு ஒரு வரி போட்டு, பத்து கதவு ஆர்டருக்கு அந்தத் தொகையைப் பிரித்துப் பாருங்கள். ஒரு கதவின் கைப்பிடிக்கும் பூட்டுக்கும் ஆகிற காசுக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும்.